பழைய துப்பாக்கிக்கும் எஃப்.சி. வேண்டும்

2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேச போலீஸார் .303 ரைஃபிளுக்கு விடை கொடுத்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பிருந்து தோளில் தொங்கிய ஆயுதம். 2008 நவம்பரில் மும்பை ரயில் நிலையத்துக்குள் நுழைந்தவர்களின் ஏ.கே.47க்கு எதிரே நம் ரயில்வே போலீஸார் நீட்டியதும் இந்த ‘திரீ நாட் திரீ’யைத்தான். அதற்குப் பிறகு ஒவ்வொரு மாநிலமாக அது ஆயுத அறையைக் காலி செய்துகொண்டிருக்கிறது. போகட்டும், அதன் காலம் முடிந்துவிட்டது. ஆனால் பட்டாளமும் போலீஸும் கைவிடும் ஒரு ரைஃபிள் எங்கே போகிறது, போவதற்கு முன் அதை யார் சோதிக்கிறார்கள், அதன் இரும்பில் என்ன பொறிக்கிறார்கள் என்பதில் நமக்கு ஏன் இவ்வளவு அசட்டை என்றுதான் எனக்குப் புரியவில்லை.

நான் ராணுவத்தில் இ.எம்.இ. பிரிவில் ஆர்மரராக இருந்தவன். சுடுவது மற்றவர்கள் வேலை. சுட்டதைப் பிரித்து, கேஜ் போட்டு, இது ஓடும், இது ஓடாது என்று சொல்வது என் வேலை. ஓய்வுக்குப் பிறகு கோவைப் பக்கம் லைசென்ஸ் உள்ள ஒரு துப்பாக்கிக் கடையின் பட்டறையில் பல ஆண்டுகள் உட்கார்ந்திருந்தேன். எனவே நான் எழுதுவது வேலை மேஜையிலிருந்து வரும் பேச்சு. பாதுகாப்பு நிபுணர்களின் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ப்ரூஃப் டெஸ்ட் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு ரைஃபிள் வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டிய அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை வேண்டுமென்றே போட்டு, ஆள் விலகி நின்று, பெட்டிக்குள் வைத்துச் சுடுவார்கள். .303க்கு இன்றைய ஐரோப்பிய விதிப்படி உச்ச அழுத்தம் 3650 பார். சோதனைத் தோட்டா அதைவிட 25 சதவீதம் கூடுதலாக, 4560 பார் அளவில் அடிக்கும். சுடுவதற்கு முன்பும் பின்பும் அளவெடுப்பார்கள். பேரல் வீங்கியிருக்கிறதா, போல்ட்டின் லக் நசுங்கியிருக்கிறதா, போல்ட் தலைக்கு முன்னுள்ள இடைவெளியான ஹெட்ஸ்பேஸ் விரிந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தேறினால்தான் முத்திரை அடிப்பார்கள். பிரிட்டிஷ் பட்டாளத்தில் இன்னொரு குரூரமும் உண்டு. ஒரு சோதனைத் தோட்டாவை உலர்ந்ததாகச் சுட்டபின், அடுத்ததில் எண்ணெய் தடவிச் சுடுவார்கள். எண்ணெய் பட்ட கேஸ் சேம்பர் சுவரைப் பிடித்துக்கொள்ளாது. முழு உதையும் போல்ட்டின் தலையில் விழும். அதையும் தாங்கிய ரைஃபிள்தான் சிப்பாயின் கைக்குப் போனது.

அப்படியானால் பட்டாளத்து ரைஃபிள் ஏற்கெனவே சோதிக்கப்பட்டதுதானே, மறுபடி எதற்கு என்று கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் துப்பாக்கியைப் பிரித்துப் பார்க்காதவர்கள். 1943ல் சோதனை தேறிய ரைஃபிளின் பேரல் அதற்குப் பிறகு இரண்டு முறை மாறியிருக்கும். போல்ட் ஒரு ரைஃபிளுடையது, உடல் இன்னொன்றுடையது என்று ஆகியிருக்கும். இந்த .303இன் ஆக்‌ஷனான லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை தனியாகக் கழன்று வரும். நம்பர் 4 ரகத்தில் அதற்கு 0, 1, 2, 3 என்று அளவுகள் உண்டு. .064 அங்குல கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும்; .074 கேஜ் மேல் மூடக் கூடாது. மூடினால் பெரிய தலையைப் போட்டுச் சரிக்கட்டுவோம். மூன்றாம் நம்பர் தலை போட்டும் மூடிக்கொண்டால் அந்த ரைஃபிளின் கதை முடிந்தது. கண்டம் பண்ணி அனுப்ப வேண்டியதுதான். இதெல்லாம் கோத்துக்குள், அதாவது ஆயுத அறைக்குள், இருக்கும்வரை. கோத்தை விட்டு வெளியே வந்த ரைஃபிளில் யார் எந்தத் தலையை மாட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும்?

இதைப் பிரிட்டன் எப்போதோ புரிந்துகொண்டுவிட்டது. லண்டன் துப்பாக்கித் தொழிலாளர் சங்கத்துக்கு 1637ல் அரச சாசனம் கிடைத்தது. கடல் தாண்டி, இன்றைய பெல்ஜியத்தின் லியேஜ் நகரிலும் 1672லேயே சோதனைக் கட்டளை வந்தது. பர்மிங்ஹாம் சோதனைச்சாலையை 1813ல் நாடாளுமன்றச் சட்டம் ஏற்படுத்தியது. அதைக் கேட்டு வாங்கியவர்களும் அவ்வூர்த் துப்பாக்கித் தொழிலாளிகளேதான். மட்டமான சரக்கு ஊர்ப் பெயரைக் கெடுக்கிறது என்ற வியாபாரக் கவலை. என் மகள் அந்த ஊரில் இருப்பதால், பான்பரி தெருவில் அந்தக் கட்டடத்தின் வாசலை நின்று பார்த்திருக்கிறேன். கதவுக்கு மேலே கல்லில் ஆயுதக் குவியலைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே இன்றும் வேலை நடக்கிறது.

அங்கே சோதனைச் சட்டம் ஒரு விஷயத்தில் கறார். அரசு தன் படைக்குச் செய்யும் துப்பாக்கிக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆனால் அதே துப்பாக்கி படையை விட்டுக் கடைக்கு வந்தால், ராணுவத்தின் சோதனை முத்திரை செல்லாது. லண்டனிலோ பர்மிங்ஹாமிலோ மறுபடி சோதித்து முத்திரை பெறாமல் விற்றால் குற்றம். சோதனைக்குப் பிறகு பேரலைக் கடைந்தோ சேம்பரை மாற்றியோ பலவீனப்படுத்தியிருந்தாலும் பழைய முத்திரை செத்துவிடும். உலகம் முழுக்கப் பரவிக் கிடக்கும் .303களில் பலவற்றின் பேரலில், பின்பார்வைக்கு அருகே, ‘.303, 2.222 அங்குலம், 18.5 டன்’ என்று ஒரு வரி பொறித்திருப்பதைப் பார்க்கலாம். போரில் உழைத்து, ஏலத்தில் போய், வியாபாரி கைக்கு வந்தபோது அடித்த முத்திரை அது. தோட்டாவின் பெயர், கேஸின் நீளம், சதுர அங்குலத்துக்கு எத்தனை டன் அழுத்தம் என்ற மூன்று தகவல்கள். ஒரு தீப்பெட்டி அகலத்தில் எனக்கு வேண்டியதெல்லாம் வந்துவிடுகிறது.

அந்த 18.5 டன்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அதை இன்றைய அளவுக்கு மாற்றினால் 2850 பார் சொச்சம் வருகிறது. இன்றைய விதியோ 3650 என்கிறது. அடடா, பழைய ரைஃபிள் பாதி பலம்தான் போலிருக்கிறதே என்று பயப்படுபவர்களையும், 3650 தாங்கும் என்று எழுதியிருக்கிறதே, இன்னும் கொஞ்சம் மருந்து போடலாம் என்று துணிபவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் தப்பு. அன்று எண்ணெய் தடவிய கேஸின் பின்புறம் ஒரு செப்புத் துண்டை வைத்து, அது எவ்வளவு நசுங்கியது என்று அளந்தார்கள். இன்று பக்கவாட்டில் மின்னணு உணர்வி வைத்து அளக்கிறார்கள். அளவுகோல் மாறியதால் எண் மாறியது. தோட்டா கிட்டத்தட்ட அதேதான். எந்த விதிப்படி சோதித்தது என்று முத்திரை சொல்லாவிட்டால், எண்ணே ஆளை ஏமாற்றிவிடும்.

அமெரிக்காவில் கதை வேறு. அங்கே ப்ரூஃப் டெஸ்ட் கட்டாயம் என்று சட்டமே இல்லை. பெரிய கம்பெனிகள் தாங்களாகவே சோதித்துக்கொள்கின்றன. ஆனால் முத்திரைக்குச் சட்டம் உண்டு. 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ், இறக்குமதியாகும் ஒவ்வொரு துப்பாக்கியிலும் இறக்குமதியாளர் பெயர், ஊர், மாநிலம், செய்த நாடு, மாடல், காலிபர், வரிசை எண் எல்லாம் இருக்க வேண்டும். அங்குலத்தில் ஆயிரத்தில் மூன்று பங்கு ஆழம் இருக்க வேண்டும், வரிசை எண் பதினாறில் ஒரு பங்கு உயரம் இருக்க வேண்டும் என்றுகூட அளவு வைத்திருக்கிறார்கள். அந்த 1968 சட்டம் ராணுவ மிச்சத் துப்பாக்கிகளின் இறக்குமதியை அடைத்தது. 1984ல் பழம்பொருள் வகைக்கு மட்டும் வாசல் திறந்தார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் நம் வங்கத்து இஷாப்பூர் தொழிற்சாலையின் ரைஃபிள்கள் ஆயிரக்கணக்கில் அங்கே கரையேறின. யார் கொண்டுவந்தது என்று அவற்றின்மேல் எழுதியிருக்கிறது. எவ்வளவு தாங்கும் என்று எழுதியிருக்கவில்லை.

அந்தக் குறை என்ன செய்தது என்பதற்கு இஷாப்பூரின் 2ஏ1 ரைஃபிளே சாட்சி. 1962 சீனப் போருக்குப் பிறகு, கையிருப்பில் இருந்த .303 வடிவத்தையே நல்ல எஃகில், 7.62 மி.மீ. நேட்டோ தோட்டாவுக்கென்று புதிதாகச் செய்தார்கள். பார்வைக்கு அப்படியே பழைய லீ-என்ஃபீல்டு. மேகசின் மட்டும் சதுரம். அமெரிக்கச் சந்தையில் ஒரு கூட்டம் இதைப் பழைய .303ஐ மாற்றியடித்த சரக்கு, வெடித்துவிடும் என்றது. இன்னொரு கூட்டம் இதில் கடைத் தோட்டாவான .308 வின்செஸ்டரைத் தாராளமாகப் போடலாம் என்றது. வெளி அளவில் இரண்டு தோட்டாவும் ஒன்றுபோலிருந்தாலும் அழுத்தக் கணக்கு வேறு. வாக்குவாதம் இன்னும் ஓயவில்லை. உடலின் பக்கவாட்டில் ஆர்.எஃப்.ஐ. (ரைஃபிள் ஃபேக்டரி இஷாப்பூர்), 7.62, 2ஏ1, வருடம் என்று நம் தொழிற்சாலை அடித்த முத்திரை இருப்பதால்தான் முதல் கூட்டத்தின் வாயை அடைக்க முடிகிறது. இரண்டாம் கூட்டத்துக்குப் பதில் சொல்ல ஒரு சோதனை முத்திரை இருந்திருந்தால் போதும்.

சரி, சோதனை முத்திரை மட்டும் இருந்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ரைஃபிளின் உடலைக் காய்ச்சித் தோய்க்கும்போது, சூடு போதுமா என்பதைப் பட்டறைக்காரர் நிறத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்தார். வெயில் அடிக்கும் நாளில் ஒரு சிவப்பு, மேகமூட்ட நாளில் ஒரு சிவப்பு. வெயிலில் தோய்த்தவை அதிகம் காய்ந்து கண்ணாடிபோல் நொறுங்கும் எஃகாகிவிட்டன. எல்லாம் சதுர அங்குலத்துக்கு 70,000 பவுண்டு சோதனையைத் தாண்டித்தான் வெளியே வந்தன. 1917ல் சில துப்பாக்கிகள் கையிலேயே வெடித்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. பிறகு ஜூலியன் ஹேட்சர் என்ற ராணுவ அதிகாரி வெடித்தவற்றையெல்லாம் பட்டியல் போட்டார். ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையில் 8,00,000க்குக் கீழ் எண் உள்ளவை எல்லாம் சந்தேகத்துக்குரியவை என்று முடிவானது. இன்றும் அங்குள்ள மக்கள் துப்பாக்கிச் சுடும் திட்டம் அந்த எண்களைச் சுட வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

பாருங்கள், சோதனை கைவிட்ட இடத்தில் காப்பாற்றியது வரிசை எண். எங்கே செய்தது, எத்தனையாவது துப்பாக்கி என்று தெரிந்ததால்தான் ஒரு முழுத் தொகுதியையும் ஓரங்கட்ட முடிந்தது. எண்ணை யாராவது அரத்தால் தேய்த்திருந்தால், வெடிக்கும் நாள்வரை அது நல்ல ரைஃபிள்தான். ஆகவே பிரிட்டிஷ் முத்திரை, அமெரிக்க முத்திரை இரண்டில் எது மேல் என்ற பட்டிமன்றத்தில் எனக்கு ஆர்வமில்லை. நீ யார் என்ற கேள்விக்கும், எவ்வளவு தாங்குவாய் என்ற கேள்விக்கும் இரும்பே பதில் சொல்ல வேண்டும். காகிதம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காகிதம் பீரோவில் இருக்கும், துப்பாக்கி தோளில் இருக்கும்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். .303 இங்கே தடை செய்யப்பட்ட துளை அளவு (போர்). சாதாரண லைசென்ஸில் வராது. அதனாலேயே குடிமக்களுக்கென்று .315 ரைஃபிளை இஷாப்பூர் செய்தது. ராணுவ மிச்சம் இங்கே கடைக்கு வராததால் பிரச்சினையே இல்லை என்று அதிகாரிகள் நினைக்கலாம். ஆனால் வீடுகளிலும் எஸ்டேட்டுகளிலும் வங்கி வாசல்களிலும் இருக்கும் பழைய துப்பாக்கிகளின் வயதைக் கேட்டால் தலை சுற்றும். புதிதாகச் செய்து விற்கும் துப்பாக்கிக்கு ப்ரூஃப் டெஸ்ட் உண்டு. அதன் பிறகு? 2019 திருத்தத்துக்குப் பின் லைசென்ஸை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கிறோம். புதுப்பிக்கும்போது பார்ப்பது ஆளின் நடத்தை, துப்பாக்கியின் எண். எட்டு வருஷம் ஓடிய லாரிக்கு பிரேக் பிடிக்கிறதா என்று பார்த்து எஃப்.சி. கொடுக்கும் அரசு, எண்பது வருஷப் பேரலில் எண்ணை மட்டும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறது.

ஒருமுறை நீலகிரிப் பக்கமிருந்து ஓர் இளைஞர் பச்சை கான்வாஸ் உறையில் ஒரு ரைஃபிள் கொண்டுவந்தார். தாத்தாவுடையது, அப்பா காலமாகிவிட்டார், வாரிசு மாற்றத்துக்குப் பார்த்துத் தர வேண்டும் என்றார். பி.எஸ்.ஏ. கம்பெனி, 8 மி.மீ. பட்டாளத்து லீ-என்ஃபீல்டின் அதே ஆக்‌ஷன். கட்டை மட்டும் வேட்டைக்காரருக்கு இழைத்தது. கண்ணாடிபோல் பளபளத்தது. அதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது.

“யார் தம்பி பாலிஷ் போட்டது?”

“தெரியலீங்கய்யா. தாத்தா காலத்துலயே யாரோ மெஷின்ல குடுத்துப் போட்டுக் குடுத்தாங்கன்னு அப்பா சொல்வாரு. நல்லாத்தானே இருக்கு?”

பஃப் மெஷினில் கொடுத்து, புளூயிங் ஏற்றியிருந்தார்கள். உடலில் இருந்த எண்ணின் நடு இலக்கங்கள் கரைந்துவிட்டன. பேரலின் மேற்புறத்தில் ஏதோ முத்திரை இருந்த பள்ளம் மட்டும் விரல் நுனிக்குத் தெரிந்தது. முன்கட்டையைக் கழற்றினேன். மெஷின் எட்டாத இடத்தில், பழைய எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில், கிரீடத்தின் கீழ் பி.வி., கிரீடத்தின் கீழ் பி.பி., கிரீடத்தின் கீழ் என்.பி. மூன்றும் புதிதாக அடித்தாற்போல் இருந்தன. பர்மிங்ஹாம். போல்ட் கைப்பிடியின் பின்புறம் இருந்த எண் முழுசாகப் படிக்க வந்தது. உடலில் மிஞ்சிய இலக்கங்களோடு ஒத்தும் போனது. பழைய பதிவேட்டோடு ஒப்பிட அதுதான் உதவியது.

இந்தப் பிள்ளைக்குத் தெரியாத ஒன்றை அன்று சொன்னேன். 1959 ஆயுதச் சட்டத்தின் 8ஆவது பிரிவுப்படி, அடையாள எண் இல்லாத துப்பாக்கியை விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ கூடாது. அது மட்டுமில்லை. அழிந்த எண்ணோடு ஒரு துப்பாக்கி உங்கள் கையில் இருந்தால், நீங்களே அழித்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும்; இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. தாத்தா போட்ட பாலிஷுக்குப் பேரன் பதில் சொல்ல வேண்டும். அவர் முகம் வெளிறிவிட்டது. எண் கிடைத்துவிட்டது, பயப்படாதே என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

போகும்போது அவர் கேட்டதுதான் எல்லோரும் கேட்பது: “ஒரு ரவுண்டு போட்டுப் பாத்துடலாங்களா?” பழைய டயரில் துப்பாக்கியைக் கட்டி, கயிற்றை டிரிக்கரில் மாட்டி, மரத்துக்குப் பின்னால் நின்று இழுப்பதைப் பல ஊர்களில் சோதனை என்று நம்புகிறார்கள். சாதாரணத் தோட்டாவால் சுட்டு, முன்பின் அளவெடுக்காமல், வெடிக்கவில்லை என்பதை மட்டும் பார்ப்பது சோதனை ஆகாது. அதனினும் மோசம், சோதனை செய்கிறேன் என்று கையால் மருந்தைக் கூட்டிப் போடுவது. அழுத்தம் எவ்வளவு என்று அளக்க வழியில்லாதவன் அதிக அழுத்தத்தோடு விளையாடக் கூடாது.

முத்திரைக்கு எதிர்ப்பு வரும் இடமும் எனக்குத் தெரியும். சேகரிப்பாளர்கள். நூறு வருஷப் பொருளில் புதிதாக எழுத்து அடித்தால் மதிப்பு போய்விடும், சோதனைத் தோட்டாவில் அபூர்வமான துப்பாக்கி உடைந்துவிடும் என்பார்கள். அமெரிக்க இறக்குமதியாளர்கள் சிலர் பேரலின் நடுவே கடைப் பெயர்ப்பலகை அளவுக்கு அடித்து வைத்திருப்பதைப் பார்த்தால் அவர்கள் கோபம் எனக்கும் நியாயமாகப் படுகிறது. ஆனால் சுடப்போவதில்லை என்றால் சுட முடியாதபடி செய்து, அதையும் பொறித்துவிடுங்கள். என்.சி.சி.யில் தூக்கி அலைந்தவர்களுக்கு டி.பி. ரைஃபிள் நினைவிருக்கும். டிரில்லுக்கு மட்டும் என்று ஒவ்வொரு முக்கிய பாகத்திலும் அந்த இரண்டெழுத்தை அடித்திருப்பார்கள். வெளிநாட்டுச் சந்தையில் இப்படிப்பட்டவற்றுக்கு மாற்று பாகம் போட்டு மறுபடி சுடும் துப்பாக்கியாக்கியவர்கள் உண்டு. அவர்களிடமிருந்து அடுத்து வாங்குபவரைக் காப்பாற்றுவது அந்த இரண்டெழுத்துதான்.

2001ல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற துப்பாக்கி நெறிமுறையின் 8ஆவது பிரிவு, செய்யும்போதும், இறக்குமதியின்போதும், அரசுக் கையிருப்பிலிருந்து நிரந்தரமாகக் குடிமக்கள் கைக்கு மாறும்போதும் அடையாளம் பொறிக்கச் சொல்கிறது. மூன்றாவது கட்டம்தான் நான் பேசுவது. அதோடு சோதனையையும் சேர்க்க வேண்டும் என்பது என் கோரிக்கை. போலீஸ் கோத்திலிருந்து ரைஃபிள் சங்கத்துக்கோ, பயிற்சிப் பள்ளிக்கோ, அருங்காட்சியகத்துக்கோ எது போனாலும், ஒன்று சோதித்து முத்திரை, அல்லது செயலிழக்கச் செய்து முத்திரை. தனியார் துப்பாக்கி வாரிசுக்கு மாறும்போதும் அப்படியே. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வேண்டாம். அடிக்கடி அதிக அழுத்தம் கொடுப்பது இரும்புக்கும் நல்லதில்லை. கை மாறும்போது ஒருமுறை போதும்.

எங்கே சோதிப்பது? மேட்டுப்பாளையத்துக்காரர் இதற்காக இஷாப்பூர் போக முடியாது. 1966ல் தொடங்கிய திருச்சி படைக்கலத் தொழிற்சாலை ரைஃபிள் செய்கிறது. சோதனைச் சுடுதளமும், கேஜும், அளவெடுக்கத் தெரிந்த கைகளும் இல்லாமல் ரைஃபிள் செய்ய முடியாது. எல்லாம் அங்கே இருக்கின்றன. தென் மாநிலங்களுக்கு மாதத்தில் இரண்டு நாள் ஒதுக்கி, கட்டணம் வாங்கிச் சோதித்துத் தரலாம். தேறாததை அங்கேயே வெட்டி, வெட்டியதற்குச் சான்று கொடுக்கலாம். முத்திரை அடிப்பதாக இருந்தால் இரண்டு இடத்தில் அடியுங்கள். ஒன்று பேரலின் இடப்புறம், படிக்கிற மாதிரி. இன்னொன்று முன்கட்டைக்குள்ளே, பஃப் மெஷின் எட்டாத இடத்தில்.